உங்கள் வாக்காளர் படிவம்

கும்மிடிப்பூண்டி,
நவம்பர்.

கமலினியின் அப்பாவுக்கு,

வாக்காளர் பட்டியல் வேலையாக அங்கன்வாடி டீச்சர் நேற்று மூன்றாவது முறை வந்தார். உங்கள் படிவத்தை நிரப்பி வைத்திருந்தேன். அதில் காட்டுவதற்காகப் பழைய பட்டியலில் உங்கள் அப்பாவின் பெயரைத் தேடி எடுக்கவே இரண்டு நாள் பிடித்தது.

டென்மார்க்கில் இந்த அலைச்சல் கிடையாது என்று கமலினிக்கு எழுதியிருந்தீர்கள். நான்கு வருடம் குடியிருந்தால் போதும், உள்ளூர்த் தேர்தலுக்கு ஓட்டு அட்டை தானாகத் தபாலில் வந்துவிடுமாம். அந்த முகவரியில் பதிந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. இரண்டு வருடக் காற்றாலை வேலைக்கென்று போன உங்களுக்கும் வந்துவிட்டது. மேசைமேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். உங்கள் அட்டைக்கு அடியில் இன்னொன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. முகவரி அதேதான். பெயர் ஒரு பெண்ணுடையது. கமலினி அதைப் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

"இன்னாக்கா, ஊட்டுக்காரர் திரும்பி வருவாரா, அங்கயே தங்கிட்டாரா? வருவாருன்னா பேரு இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

நிரப்பிய படிவம் என் கையில்தான் இருந்தது. "அங்கயே தங்கிக்கினாரு டீச்சர். பேர எடுத்துடுங்க" என்றேன்.

அங்கே எல்லாம் தானாக நடந்துவிடுகிறது. இங்கே வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
இந்த முகவரியில் இருப்பவள்