எங்கள் வீட்டில் எத்தனை பேர்

5-7-1943, திங்கள்

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குக் கரிவாயு அடுப்பு பூட்டியதிலிருந்து நான் பாதி டிரைவர், பாதி கொல்லன். காவேரிக்கரை வேலூருக்கும் நாமக்கல்லுக்கும் இன்று மூன்றே நடை. மேட்டில் ஏறும்போது ஜனங்களை இறங்கித் தள்ளச் சொல்ல வேண்டியிருந்தது.

ராசாத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்தாள். "குழந்தையின் தகப்பனார் ஒருமுறை வந்து பார்க்கவும். சாரதாமணி, முதல் வகுப்பு ஆசிரியை." ஆறு வயதுப் பிள்ளை. சேர்த்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் என்ன செய்திருப்பாள்? கேட்டேன். "ஒண்ணும் பண்ணலீங்கய்யா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

6-7-1943

போகவில்லை. நடை அதிகம் என்று எங்களோடு இருக்கும் அக்காவிடம் சொன்னேன். உண்மையில் பயம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் கூப்பிடுகிறார் என்றால் இன்னமும் பிரம்புதான் ஞாபகம் வருகிறது.

அக்கா, "பெத்தவ இருந்திருந்தா அவ போவா. நீ போயி என்னத்தப் பேசுவே?" என்றாள். திரும்பிப் பார்த்தால் கதவோரம் ராசாத்தி. அக்கா உடனே பேச்சை மாற்றி, "உங்கம்மா வெண்ணந்தூர்ல இருந்து வந்ததும் போவா சாமி" என்றாள். பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

8-7-1943, வியாழன்

இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

தை மாதம் ஆராயி வெண்ணந்தூரில் அவள் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள். பிள்ளைக்கு இருமல். நாலு நாள்தானே என்று அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். அங்கே காய்ச்சல் கண்டது. சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாம் நாள் போய்விட்டாள். வெண்ணந்தூரிலேயே அடக்கம் செய்தோம். அதே வாரம் இங்கே ராசாத்திக்கு அம்மை. அம்மை கண்ட வீட்டில் சாவுப் பேச்சு எடுக்கக்கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பினாள். நானும் கருமாதி முடிந்த பிறகுதான் ஊர் திரும்பினேன். "அம்மா மாமன் ஊட்டுல இருக்குது சாமி, வந்துரும்" என்றேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் மட்டும் என்றுதான் நினைத்தோம். ஊற்றி ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அதே பேச்சு.

9-7-1943, வெள்ளி

அடுப்பு அடைத்துக்கொண்டு மத்தியானமே வண்டி நின்றுவிட்டது. இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது. மூன்று தரம் கை கழுவியும் கரி போகவில்லை. அப்படியே போனேன். பிள்ளைகள் எல்லாம் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சருக்கு என்னைவிட வயது குறைவு. இருந்தது ஒரே நாற்காலி. அதை என் பக்கம் நகர்த்திவிட்டு அவர் நின்றார். நானும் உட்காரவில்லை.

"ஏனுங்க, புள்ள எதாச்சும் தப்புப் பண்ணிருச்சுங்களா?"

"இல்லைங்க. நல்லாப் படிக்கிறா. நான் கூப்பிட்டது வேற விசயம்."

கூட்டல் சொல்லிக்கொடுக்க, வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டிருக்கிறார். ராசாத்தி "மூணுங்க" என்றாளாம். மணி அடித்ததும் கிட்டே வந்து, "எங்கய்யன் கேட்டா நாலுன்னு சொல்லோணும் டீச்சர்" என்றாளாம். ஏன் என்று கேட்டதற்கு—

டீச்சர் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "'எங்கம்மா செத்துப்போச்சுங்க, வாய்க்கால்ல துணி தொவைக்கறவங்க பேசிக்கிட்டாங்க. எங்கய்யனுக்கு இன்னும் தெரியாதுங்க, தெரிஞ்சா அழுவாரு, நீங்க சொல்லிப்போடாதீங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா."

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன். என்ன மடத்தனமான பதில்!

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குப் புரியுதுங்க. அவளுக்குத்தான் தெரியலை." பிறகு, "சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அதை மீறித்தான் உங்ககிட்டச் சொல்றேன். நான்தான் சொன்னேன்னு அவகிட்ட மறைக்க வேண்டாம்" என்றார்.

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வாரத்துக்கு ஒருமுறை "அம்மா எப்ப வருமுங்க?" என்று கேட்பாளே. நானும் சிரித்துக்கொண்டே "வந்துரும் சாமி" என்பேனே. எனக்காகவா கேட்டாள்? என் மனது நோகக் கூடாதென்றா?

10-7-1943

இன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

11-7-1943, ஞாயிறு

காவேரி மணலுக்குக் கூட்டிப்போனேன். காலையில் கூட்டமில்லை. என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"உங்கம்மா இனி வராது சாமி" என்றேன். "செத்துப்போச்சு."

ராசாத்தி என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அழவில்லை. "உங்களுக்கு ஆருங்க சொன்னாங்க? டீச்சரா?" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆமாம், டீச்சர் சொல்லித்தான் தெரியும் என்று சொல்லியிருந்தால் அவளே என்னைத் தேற்றியிருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்ல சாமி. எனக்கு மொதல்லயே தெரியும். நான் பக்கத்துலதான் இருந்தேன். உங்கிட்டச் சொல்லாம உட்டுட்டேன். உனக்குத் தெரியும்னு டீச்சர்தான் சொன்னாங்க."

மணலை அள்ளி என்மேல் எறிந்தாள். இன்னும் ஒரு பிடி. பிறகும் ஒரு பிடி. "நீங்க அழுவீங்கன்னு நானு ஒருத்தருகிட்டயும் சொல்லவே இல்ல!" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நானும்தான்.

13-7-1943

என்னோடு பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரோடும் பேச்சில்லையாம். அக்காவுக்கு என்மேல் கோபம்: "சும்மா இருந்த புள்ளையக் கெளறி உட்டுட்டே." சும்மாவா இருந்தாள்?

15-7-1943

சாப்பிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மாவ எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள். நாலு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றேன்.

18-7-1943, ஞாயிறு

முதலாளியிடம் லீவு கேட்டு வெண்ணந்தூர் போய் வந்தோம். மைத்துனர் நாச்சிமுத்து தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, "ஏனுங்க மாப்ள, பொட்டப்புள்ளைய அங்கெல்லாம் கூட்டிக்கிட்டுப் போறதுங்களா?" என்று தடுத்தார். "அவ அம்மாதானுங்களே" என்றேன். பிறகு அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

புதைத்த மேட்டில் அருகு முளைத்திருந்தது. ராசாத்தி கேட்டதெல்லாம் எனக்குப் பதில் தெரிந்த கேள்விகள்தான். தலை எந்தப் பக்கம்? என்ன சேலை? கடைசியில் என்ன சொல்லிச்சு? பச்சைச் சேலை என்றேன். "புள்ள இருமல் நின்னுதா?" என்று அம்மா கேட்டாள் என்றேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடம்கூட.

திரும்பும்போது ராசிபுரம் வரைக்கும் என் மடியில் தூங்கினாள்.

3-8-1943

ஆடிப்பெருக்கு. ஆற்றுக்கு ஏகப்பட்ட கூட்டம். எட்டு நடை. கை கால் விட்டுப்போயிற்று.

22-8-1943, ஞாயிறு

மத்தியானம் மூவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டப்பயறு குழம்பு. ராசாத்தி ஒரு வாய் வைத்துவிட்டு, "எங்கம்மா உப்பு இத்தன போடாது அத்தை" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். இந்தத் தரம் பேச்சை மாற்றவில்லை. கொஞ்சம் குழம்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா சாமி, அவ கைப்பதம் வேற" என்றாள். அதற்குப் பிறகு ஆராயியின் சமையலைப் பற்றித்தான் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.