உலாந்தாச் சத்திரத்துப் பரதேசி

பிப்ரவரி 19, 1960. சித்தூர்

கிருஷ்ணம்மா கிணற்றில் குடம் விட்டாளாம். சத்திரக் கமிட்டித் தலைவர் ரங்கையா காலையிலிருந்து குதிக்கிறார். கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த குற்றத்துக்காக, திருத்தணிப் பக்கத்தில் அவள் கூரையை ஊரே கூடிக் கொளுத்தியது. புருஷன் கங்கையாவோடு தை மாதம் இங்கே ஓடிவந்தாள். மதத்தால் ஊர் இழந்தவர்களுக்கென்றுதானே பழவேற்காட்டு டச்சு விதவை ஒருத்தி இந்த உலாந்தாச் சத்திரத்தைக் கட்டினாள்? இங்கேயும் தண்ணீருக்குச் சாதியா? நானும் இதே கமிட்டியின் எழுத்தர். வெட்கம்.

மார்ச் 4

ரங்கையா வாசல் கல்லைக் கோலால் தட்டினார். "படிரா கோவர்த்தனா."

'வேதத்தினிமித்தம் ஊர்விட்ட பரதேசிகளுக்கு.'

"பரதேசின்னா அந்நிய தேசத்தான். கங்கையா ஊரு திருத்தணிப் பக்கம், நம்ம சித்தூர் ஜில்லாதான். சொந்த ஊருக்கே போவட்டும். முப்பத்தொண்ணாந் தேதி சாயங்காலம் ரூமைப் பூட்டிடு."

சொந்த ஊராம்! கொளுத்தியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மார்ச் 11

கங்கையாவிடம் சொல்லிவிட்டேன். "அங்க போனா உசுரோட உட மாட்டாங்க சாமி."

சாமி என்று கூப்பிடாதீர்கள் என்றேன்.

"சரி சாமி."

மார்ச் 27

டீக்கடையில் ரங்கையா பேப்பரை வீசினார். "ஒண்ணாந் தேதி திருத்தணி ஆந்திராவை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போவுது! நம்ம மண்ணுரா! இனிமே அது அந்நிய ஊரு!" கடையே கேட்டது.

எல்லைக்காகக் கத்துகிற இரண்டு பக்கத்தையும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கிளாஸ் பாதியில் நின்றது.

அந்நிய ஊரா?

ஒரு நாள். ஒரே ஒரு நாள் தள்ள வேண்டும்.

மார்ச் 31

பூட்டைக் காணோம் என்றேன்.

"நீ துன்னுட்டியா? காலையில வேற பூட்டோட நானே வரேன்."

பூட்டு என் பெட்டியில், வேட்டிக்கடியில் இருக்கிறது. வேலை போனால் நைனாவிடம் என்ன சொல்வேன்? — போகட்டும்.

ஏப்ரல் 1

பூட்டோடு வந்தார். பதிவேட்டைத் திறந்தேன். கங்கையா பெயருக்கு நேரே 'சித்தூர் ஜில்லா'வை அடித்து, 'மெட்ராஸ் ராஜ்யம்' என்று எழுதி நீட்டினேன்.

"இன்னியிலேர்ந்து இவர் பரதேசிங்க. அந்நிய ஊருன்னு நீங்களே சொன்னீங்க, டீக்கடையில."

கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பெரிய ப்ளீடருரா நீ." பூட்டை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

கங்கையாவுக்குத்தான் விளங்கவில்லை. "நான் இங்கயேதான குந்திக்கினு கீறேன் சாமி? ஊரு மட்டும் எப்டி எழுந்து போச்சு?"

பின்கட்டில் கிணற்று உருளை கிறீச்சிட்டது. கிருஷ்ணம்மா குடம் விடுகிறாள். தடுக்க யாரும் எழுந்து போகவில்லை.