மெரிட்டிடம் மறைத்த பட்டை

1909 அக்டோபர் 4, திங்கள்

என் சேணக் கடைக்கு மேல்மாடியில் மகன் மெரிட் வைத்தியப் பலகை மாட்டி ஆறு வாரம். ஒரு நோயாளிகூடப் படியேறவில்லை. ஊருக்கு அவன் இன்னும் கால்பந்துப் பயிற்சியாளன்தான். நான்கு வருடம் கல்லூரிப் பையன்களை முட்டி மோதி, ஆள்மேல் ஆள் விழுந்து அமுக்கவிட்டவன். அந்தச் சம்பளத்தில்தான் அறுவை மருத்துவம் படித்தான் என்பது யாருக்கு வேண்டும்?

கஸ் லின்டால் கடிவாளம் தைக்கக் கொடுத்துவிட்டு மாடியைக் காட்டினான். "ஏய் ஆசா, உம் மவன்கிட்ட வயித்தக் காட்டினா பதினோரு பேர விட்டு அமுக்கச் சொல்வானோ?"

நானும் சிரித்துத் தொலைத்தேன். என்ன அப்பனோ!

அக்டோபர் 9

தலைக்கு மேலே அவன் நடக்கிறான். முன்னும் பின்னும், நாள் முழுக்க. எனக்கும் ஊசி ஓடவில்லை.

அக்டோபர் 15

எழுதியே விடுகிறேன். அடிவயிற்றில் குடல் பிதுங்கி ஒரு வருடமாகிறது. சேணம் தைக்கும் தோலில் நானே பட்டை தைத்துக் கட்டியிருக்கிறேன். பித்தளைக் கொக்கி, இரட்டைத் தையல். குதிரையே பொறாமைப்படும்.

மெரிட்டிடம் சொல்லவில்லை. வெட்கமா? இல்லை —

இன்று என் மனைவி லவீனியா பார்த்துவிட்டாள். "ஊரு நம்பலன்னு பொலம்புறீங்களே, நீங்க நம்புறீங்களா அவன?"

சூப் சுடுகிறது என்றேன்.

அக்டோபர் 22

வலி. பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கினேன்.

நவம்பர் 1

படுத்தபடி எழுதுகிறேன். போன திங்கள் கடையிலேயே சுருண்டு விழுந்தேன். ஓயாத வாந்தி. பிதுங்கியது உள்ளே போகாமல் கல்லாகிவிட்டது. மெரிட் ஓடிவந்து சட்டையைத் தூக்கினான். பட்டையைப் பார்த்தான்.

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருசம்டா."

"நான் மேலதானேப்பா இருந்தேன்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒமாஹாவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேற நேரமில்லை என்றான். "வெட்டவா? நீங்க சொல்லணும்." பட்டையின் கொக்கியை நானே கழற்றினேன்.

"வெட்டுடா."

சமையல் மேசையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தார்கள். ஜாம் காய்ச்சும் அண்டாவில் கத்திகள் கொதித்தன. லவீனியாதான் என் முகத்துணியில் மயக்க மருந்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். "மெதுவாம்மா, சரியாத்தான் பண்றீங்க" என்று அவன் சொன்னது கடைசியாகக் காதில் விழுந்தது.

நவம்பர் 13

கஸ் பார்க்க வந்தான். சட்டையை நானே தூக்கிக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"உன் தையலவிட நேரா இருக்குடா."

போகவில்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "எம் பொண்டாட்டிக்குக் கழுத்துல ஒரு கட்டி. வண்டியில உக்காந்திருக்கா... டாக்டர் மேல இருக்காரா?"

யாரைக் கேட்கிறான் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரமாயிற்று.