அம்மாவுக்கு அடித்த மணி

3 அக்டோபர் 2011
மழை. மேயர் அலுவலகக் கூரை மறுபடி ஒழுகுகிறது, வாளி வைத்தேன். எண்பத்தொரு பேர் வாழும் ஊரில் மேயருக்கு வாளி வைப்பதும் வேலைதான்.
பொறியாளர் வந்து மாதா கோயில் மணிக்கூண்டைப் பார்த்தார். மணியைத் தாங்கும் உத்தரத்தில் பேனாக்கத்தியைக் குத்தினார், பிடிவரை இறங்கியது. "இனி ஒரு தடவை அடிச்சாலும் நான் பொறுப்பில்ல" என்றார். எழுநூறு வருஷத்துக் கூண்டு.

5 அக்டோபர்
கோயிலை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். கோயில் ஊராட்சிச் சொத்து, ஆகவே பழியும் என் தலையில்.
சாவி வாங்க அர்மான் வீட்டுக்குப் போனேன். நாற்பது வருஷமாக மணி அடிக்கிறவர்; அவருக்கு முன் அவர் அப்பா. முயல் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.
"யுத்த காலத்துல ஜெர்மன்காரன் வந்து கேட்டப்பகூட எங்கப்பா சாவியக் குடுக்கல, மேயரம்மா."
"நான் ஜெர்மன்காரி இல்ல, அர்மான்."
"அவனாவது கேட்டுட்டுப் போயிட்டான்."
உள்ளே போய்ச் சாவியை மேசையில் எறிந்தார். அவர் மனைவி தெனிஸ் அவருக்கு மட்டும் காப்பி ஊற்றினாள். அலுவலகத்துக்கு வந்து சாவியில் அட்டை கட்டினேன்: 'கோயில். யாருக்கும் தரக் கூடாது.' என் கையெழுத்தில்.

1 நவம்பர்
செத்தவர்களை நினைக்கும் திருநாள். கல்லறைகளெல்லாம் சாமந்தித் தொட்டிகள். மணி இல்லை. யாரும் என்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் கட்டிலிலிருந்து கேட்டாள்: "நான் செத்தா எனக்காச்சும் அடிப்பாங்கல்ல, மார்த்?" அடிப்பார்கள் என்றேன். வேறு என்ன சொல்வது?

19 நவம்பர்
அம்மா போய்விட்டாள். காலை ஏழரை.

20 நவம்பர்
எழுதியே ஆக வேண்டும்.
எங்கள் ஊரில் ஆண் செத்தால் துக்க மணி ஒன்பது அடி, பெண்ணுக்கு ஆறு. மணி கேட்டால்தான் சாவு சாவாகும். நேற்று பத்து மணிக்கு அர்மான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். எதுவும் கேட்கவில்லை. நானேதான் அலுவலகத்துக்கு ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்து கொடுத்தேன்.
"ஆறே ஆறு. மெதுவா அடிங்க."
"மெதுவா அடிச்சா உங்கம்மாவுக்குப் பிடிக்காதே" என்று சிரித்தார்.
அம்மாவின் கையைப் பிடித்தபடி எண்ணினேன். நான்கு கேட்டது. ஐந்தாவது எங்கே என்று எனக்கு எரிச்சல் வந்தது — ஆமாம், எரிச்சல்! கிழவர் மூச்சு வாங்குகிறாரோ என்று நினைத்தேன். அப்புறம் தெனிஸ் போட்ட கூச்சல்.
உத்தரம் முறிந்து அவர் மேலேயே. நான்தான். நான்தானே குடுத்தேன்.

23 நவம்பர்
ஒரே நாளில் இரண்டு பெட்டிகள். மணி இல்லை. அர்மானின் குழியருகே யாரோ வாய்க்குள் ஒன்பது எண்ணினார்கள்.

25 நவம்பர்
போலீஸ் வந்தது. சாவி அவரிடம் எப்படிப் போனது என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் தெனிஸ் சொன்னாள்: "அந்த மனுஷன்கிட்ட எப்பவும் இன்னொரு சாவி இருந்துச்சு. பிடிவாதக்காரன்."
எழுதிக்கொண்டார்கள். நான் பேசவில்லை. பேசவே இல்லை.

2 டிசம்பர்
தெனிஸ் வந்தாள், உட்காரவில்லை. அர்மானின் கோட்டுப் பையில் இருந்த சாவியை அட்டையோடு மேசையில் வைத்தாள்.
"ஏன் பொய் சொன்னே?"
"உங்கம்மாவுக்கு மணி அடிக்கணும்னு ஊரே நெனச்சுது. நானும்தான். அன்னைக்கு அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டதே நான்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அதுக்காக உன் மூஞ்சில முழிக்கணும்னு இல்ல."

9 டிசம்பர்
மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம். இறந்தவர் உத்தரவை மீறிக் கள்ளச் சாவி போட்டு உள்ளே போனாராம், மேயர்மீது தவறில்லையாம். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டுமாம். ஒட்டினேன்.
ரொட்டி வண்டிக்கு வந்த தெனிஸ் நின்று படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். ரொட்டி வாங்காமல் போய்விட்டாள்.

10 டிசம்பர்
காலையில் பலகையிலிருந்து அந்தக் கடிதத்தைக் கிழித்தேன். நடந்ததை இரண்டு பக்கம் எழுதி, சாவியையும் சேர்த்து உறைக்குள் போட்டு, மேலே போலீஸ் நிலைய முகவரி எழுதினேன். அட்டையை அவிழ்க்கவில்லை.
தபால்காரர் உறையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்கே, என்ன இது?"
கோயில் சாவி என்றேன்.