தொட்டிக் கண்ணாடியில் தெரிந்தவர்

என்னங்க,

ஸ்டூடியோவுக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறது. சாவி ஜன்னலோரம்.

என்னோடு பேசாமல் மீனோடு மட்டும் பேசுவது உங்கள் இஷ்டம். ஆனால் பேசும்போதெல்லாம் அதற்குத் தீனி போடாதீர்கள். வயிறு உப்பிக் கிடக்கிறது.

நான் உங்களை வேண்டுமென்றே அழிக்கவில்லை. செல்லப்பிராணிப் படப் போட்டிக்கு மீனை எடுக்கப் போனால், தொட்டிக் கண்ணாடி பளபளத்து மீனே தெரியவில்லை. கேமரா லென்ஸில் கண்ணாடிப் பளபளப்பை வெட்டும் ஃபில்டரை மாட்டித் திருப்பினேன். பளபளப்பு போனது. கண்ணாடியில் விழுந்திருந்த உங்கள் உருவமும் கூடவே போனது. அதற்குப் போய், "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவனை ஒரே திருப்புல காணாம ஆக்கிட்டியே!" என்று கத்தினால் நான் என்ன செய்ய?

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபில்டர் போட்டதில் மீன் செதில் செதிலாகத் தெரிகிறது. போடாததில் மீனையே காணோம். தோளில் துண்டோடு, வாயைக் குவித்துக் கொஞ்சிக்கொண்டு, தொட்டி முழுக்க நீங்கள்தான். மனசு கேட்கவில்லை. அதையே அனுப்பிவிட்டேன்.

பி.கு: பிராணியின் வயது கேட்டிருந்தார்கள். ஐம்பத்தாறு என்று போட்டேன்.

இன்னொன்று, இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: கடிக்குமா என்றும் கேட்டிருந்தார்கள். கடிக்காது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், காபி கொடுத்தால் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறேன். சாயங்காலம் சீக்கிரம் வருகிறேன். பாலை மட்டும் காய்ச்சி வையுங்கள்.