சாப்பாட்டு நேரத்தில் நின்றுபோன வைஃபை

நல்லூர், திருப்பூர்
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மாடியில் வீடும் பின்னால் தையல் ஷெட்டும் சுகம், நீயும் அந்த நியூசிலாந்துக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். ஆர்டர் கிடைத்த சேதியை அம்மா போனில் பாதி சொல்லி, மீதியைச் சிரித்தே கழித்துவிட்டாள், ஒன்றுவிடாமல் எழுதுங்கள் அப்பா என்று நீ கேட்டாய், எழுதுகிறேன். அதற்கு முன் மற்ற சேதிகள். காங்கேயத்து அத்தை ஒரு டின் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறாள், அதில் பாதி உனக்கு என்று உத்தரவு, அதை எப்படி விமானம் ஏற்றுவது என்பது என் கவலையாம். சித்தப்பா மகன் முகிலனுக்கு அருள்புரத்தில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டுக்காரர்களோடு ஆர்டர் பேசுகிற மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் வணக்கம் என்று சொன்னால்கூட இங்கிலீஷில்தான் பதில் வருகிறது. ஆடிக் காற்றில் ஷெட்டின் தகரக் கூரை தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது, புதிதாக நான்கு போல்ட் போட்டு முறுக்கியபின் அடங்கியது.

இனி நீ அனுப்பிய வைஃபை பெட்டிகளின் கதை. அம்மா இத்தனை வருஷம் ஜாப் ஒர்க்கிலேயே ஓட்டியவள் என்பது உனக்குத் தெரியும். யாரோ ஆர்டர் பிடிப்பார்கள், யாரோ துணி கொடுப்பார்கள், நாம் வெட்டித் தைத்துத் திருப்பி அனுப்புவோம், வாங்குகிறவருக்கு நம்மைத் தெரியவே தெரியாது. முதல்முறையாக நேரடியாக அம்மாவிடம் ஆர்டர் பேசியவர் டென்மார்க்கில் குழந்தைகள் உடுப்புக் கடை வைத்திருக்கும் மரியான் என்ற பெண்மணி. சாம்பிள் அவருக்குப் பிடித்திருந்தது. இங்கே வரவோ ஆள் அனுப்பவோ அவருக்கு வசதி இல்லை, அதனால் வீடியோ காலில் கட்டிங் மேசையிலிருந்து பேக்கிங் வரை நடந்து காட்ட வேண்டும், நடுவில் வெட்டுப்படக் கூடாது என்றார். காட்டினால் ஆர்டர் அம்மாவுக்கு, முடியாவிட்டால் ஒரு ஏஜெண்ட் கைக்குப் போகும், ஏஜெண்ட் கைக்குப் போனால் நாம் பழையபடி ஜாப் ஒர்க்தான். இதைக் கேட்டுத்தான் நீ அங்கிருந்தபடியே அந்த மூன்று வெள்ளைப் பெட்டிகளை வரவழைத்தாய்.

முதலில் பெட்டிகளை ஆளுக்கொரு மூலையில் வைத்துக் கரண்ட் கொடுத்தோம், ஒன்றோடு ஒன்று காற்றிலேயே பேசிக்கொள்ளும் என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி. மாடிக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளம், அதற்கப்புறம் தகரச் சுவர், ஒன்று பேசியது மற்றதுக்குக் கேட்கவில்லை. அம்மா இடுப்பில் கை வைத்து நின்று, "ஏனுங்க, மூணு பேரும் மாப்பிள்ளை கணக்கா வந்து உக்காந்திருக்கறாங்க, வேலைன்னு ஒண்ணும் காணமே" என்றாள். பெட்டிகளுக்கு நடுவே கேபிள் போடுங்கள் என்று நீ சொன்னபின் எலக்ட்ரீஷியன் சிவராஜைக் கூப்பிட்டேன். மாடி ஹாலில் மோடத்துக்குப் பக்கத்தில் முதல் பெட்டி, அதிலிருந்து சுவரோரமாகக் குழாய்க்குள் ஒரு கேபிள் இறங்கி ஷெட்டில் நெட் கேபிளைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன சுவிட்ச் பெட்டிக்கு, அங்கிருந்து இரண்டாகப் பிரிந்து ஒன்று கட்டிங் மேசைக்கு மேலே, இன்னொன்று செக்கிங் மேசைக்கு மேலே. அதிலும் ஒரு சிக்கல், ஷெட்டுக்குள் நெட் வந்தது, ஆனால் மாடியில் இருக்கும் லேபிள் பிரிண்டரை ஷெட்டு லேப்டாப் அடையாளமே காணவில்லை. மோடமும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கிறது, நம் பெட்டியும் தனியாக முகவரி கொடுக்கிறது, ஒரு வீட்டுக்குள் இரண்டு தெரு ஆகிவிட்டது, பெட்டியை அக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள் என்று நீ சொன்னாய். மாற்றினோம். அதற்குப்பின் முகவரி கொடுப்பது மோடத்தின் வேலை, வாங்கிப் பரப்புவது மட்டும் பெட்டிகளின் வேலை. பிரிண்டர் உடனே வாய் திறந்தது. காலையிலும் மாலையிலும் ஷெட்டு முழுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தேன், ஒரு இடத்திலும் படம் நிற்கவில்லை.

மரியான் கூப்பிட்ட நாளில் அம்மா அரக்குப் புடவை கட்டிக்கொண்டு கட்டிங் மேசைப் பக்கம் நின்றாள். டென்மார்க்கில் அப்போது காலை, நமக்கு மத்தியானம். துணி, பேட்டர்ன், கத்தி எல்லாம் காட்டிவிட்டுத் தையல் வரிசைக்குத் திரும்பும்போது சாப்பாட்டு மணி அடித்தது. உனக்கு நம் குருசாமியைத் தெரியும், சங்கரன்கோவிலிலிருந்து வந்து நம்மிடம் சூப்பர்வைசராக இருப்பவர். மணி அடித்தால் ஷெட்டின் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார், ஒரு நொடி தாமதம் கிடையாது. உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு இன்னும் நாலு பீஸ் என்று உட்கார்ந்துகொள்வார்கள், கரண்டே இல்லாவிட்டால் சாப்பிடத்தானே வேண்டும், அதற்காக அம்மாவே கொண்டுவந்த வழக்கம் அது. சிவராஜும் நானும் சுவிட்ச் பெட்டிக்கும் இரண்டு வெள்ளைப் பெட்டிகளுக்கும் பக்கத்தில் இருந்த பிளக்கிலேயே கரண்ட் எடுத்திருந்தோம், அது அந்த மெயினில் ஓடும் மெஷின் லைன். சாப்பாட்டு நேரத்தில் நானும் சாப்பிடத்தான் போனேனே தவிர ஒரு நாளும் சோதித்துப் பார்க்கவில்லை. மெயின் இறங்கியது, பெட்டிகள் அணைந்தன, மரியான் வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்று, அப்புறம் காணாமல் போனார். தகரக் கூரைக்கு அடியில் போன் சிக்னலும் கிடையாது. அம்மா மாடிக்கு ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிடுவதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று ஷெட்டில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. குருசாமி சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்து, "அக்கா, மணி அடிச்சா எறக்குன்னு சொன்னதே நீங்கதானே, இன்னைக்கு மட்டும் எறக்காதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பேம்லா" என்றார். அம்மா, "நீங்க பண்ணுனது சரிதானுங்க குருசாமி, சாப்புடுங்க" என்றாள், ஆனால் அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் மரியானிடமிருந்து மெயில் வந்தது, வெள்ளிக்கிழமை அதே நேரம் இன்னொரு தடவை பார்ப்போம், அன்றும் நின்றுபோனால் ஏஜெண்டிடம் பேசிக்கொள்கிறேன் என்று மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அப்போது நான் சொன்னேன், வெள்ளிக்கிழமை ஒரு நாள் மெயினை இறக்காமல் விட்டால் என்ன என்று. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரு நா உட்டா அன்னைக்கே நாலு பேரு சோத்தை உட்டுப்போட்டுத் தைக்க உக்காந்துக்குவாங்க, அப்பறம் மறுக்கா எறக்கறது முடியாதுங்க. பொட்டிக்கு வேற கரண்ட் குடுங்க" என்றாள். சிவராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணா, பிளக் பக்கத்துல இருக்குதுன்னு நாந்தானுங்க சோம்பேறித்தனம் பண்ணிப்போட்டனுங்க" என்று மாடி இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன் இழுத்தான். மறுநாள் மெயின் இறங்கியதும் நான் சாப்பிடப் போகாமல் ஷெட்டிலேயே நின்று பார்த்தேன், பெட்டிகளின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மணி அடித்தது, குருசாமி அம்மாவை ஒரு தரம் பார்த்துவிட்டு மெயினை இறக்கினார், படம் நிற்கவில்லை. ஆனால் மரியான் எங்களை நிறுத்திவிட்டார். ஏன் ஒரு மெஷினும் ஓடவில்லை, ஆட்கள் எங்கே என்று கேட்டார். அம்மாவின் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், அதில் அவள் தயங்காமல் சொன்னாள், இது சாப்பாட்டு நேரம், சாப்பாட்டு நேரத்தில் இங்கே யாரையும் தைக்க விடமாட்டோம், கரண்டையே நிறுத்திவிடுவோம். அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்கலாமா என்று மரியான் கேட்டார். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு நடந்தோம், போன் ஒரு பெட்டியை விட்டு இன்னொரு பெட்டியைப் பிடிக்கிற இடத்தில் படம் லேசாகத் துள்ளி, சரியாகிவிட்டது. ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் மருதம்மாள் தக்காளிச் சோற்று டப்பாவைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டி, "அந்தம்மா சாப்பிட்டாச்சான்னு கேளுங்கக்கா, வெறும் வயித்தோட நம்மள செக்கிங் பண்ணுது பாருங்க" என்றாள். அம்மா அப்படியே மொழிபெயர்த்துவிட்டாள். மரியான் சிரித்துக்கொண்டே ஒரு ரொட்டித் துண்டைத் தூக்கிக் காட்டினார். சாப்பாடு முடியும்வரை அவர் போனை வைக்கவில்லை. மறுபடி மணி அடித்து, குருசாமி மெயினை ஏற்ற, எல்லா மெஷினும் ஒன்றாகக் கிளம்பிய சத்தத்தை அவரும் கேட்டார், செக்கிங், பேக்கிங் எல்லாம் நடந்து காட்டி முடித்தோம். ராத்திரிக்குள் ஆர்டர் மெயில் வந்துவிட்டது, ஏஜெண்ட் யாரும் வேண்டாம், நேராக உங்களிடமே என்று. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கீழே போய் இருட்டிலேயே ஷெட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

நீ ஆபீஸ் மேசையிலேயே உட்கார்ந்து ஒரு கையால் டைப் அடித்துக்கொண்டு சாப்பிடுகிறாய் என்று முகிலன் சொன்னான், அதைச் செய்யாதே, இங்கே உன் அம்மா கரண்டை நிறுத்துகிறவள். குளிர் உடுப்பு இல்லாமல் வெளியே போகாதே. அந்தப் பெட்டிகளின் பாஸ்வேர்டை எனக்கு இன்னொரு தடவை அனுப்பு, நான் எழுதிவைத்த காகிதத்தை சிவராஜ் சுருட்டி கேபிள் துவாரத்தில் அடைத்துவிட்டான். நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, மனசு நிறைந்து இரு கண்ணு, அதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும்.

அம்மா இரண்டு வரி எழுத இடம் விட்டிருந்தேன், கூப்பிட்டதற்கு வரவில்லை. நேற்றுதான் புது அட்டைப் பெட்டிகள் வந்தன. அச்சடித்த லேபிள் ஒட்டினாலே போதும் என்று சொல்லியும் கேட்காமல், முதல் பெட்டிக்கு மட்டும் கையால்தான் எழுதுவேன் என்று தரையில் உட்கார்ந்து, தயாரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை மார்க்கரால் எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுத்து கொஞ்சம் மேலே ஏறுகிறது, அதைச் சொன்னால் என்னைத் திட்டுவாள்.

அன்புடன்,
அப்பா தங்கவேலு