மாடியில் ஒட்டு மாஞ்செடி

கரிக்கலாம்பாக்கம்

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் அழுகை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் நலமா? அவரை எப்படிக் குறிப்பிடுவதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

நீ புறப்பட்டுப் போவதற்கு முந்தைய வாரம் மாடித் தொட்டியில் ஒட்டுக் கட்டினாயே, அந்த மாஞ்செடி துளிர்த்துவிட்டது. தண்ணீர் ஊற்றுவது நான். ஒட்டுக்குக் கீழே முளைப்பதை மட்டும் யாரோ கிள்ளிக்கொண்டே இருந்தார்கள். அணில் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை ஏறிப் பார்த்தால், கையில் பிளேடோடு உன் அப்பா. உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் பெயரைச் சொன்னாலே எழுந்து போகிற மனிதர்!

"இன்னா பண்றீங்க?" என்றேன்.

"கீழ துளுக்கறத வுட்டா மேல இருக்கற ஒட்டு செத்துப்பூடும்."

நேற்று சாப்பிடும்போது, "அந்தத் தொட்டிய வந்து எடுத்துகினு போவச் சொல்லு" என்றார். உன் பொருள் எதுவும் இந்த வீட்டில் வேண்டாம் என்கிறாரா, இல்லை உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாரா? இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குப் புரியவில்லை.

"அவ மட்டும் வரட்டுமா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

சோற்றைப் பிசைந்தபடியே, "மண்ணு ரொம்பின தொட்டி. ஒத்தையா எப்பிடித் தூக்குவா?" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டுக்காரர் சர்ச்சுக்குப் போய் வந்ததும், இரண்டு பேரும் புறப்பட்டு வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
அம்மா